மைதான வாசலில் ஒரு சுண்டல் வண்டி
காலையில் நடக்க வருபவர்களை நம்பி எங்கள் ஊர் மைதான வாசலில் நிற்கும் இந்தத் தள்ளுவண்டியில் கொண்டைக்கடலைச் சுண்டல், முளைகட்டிய பயறு, அவித்த முட்டை, கேழ்வரகுக் கூழ், அவ்வளவுதான். சுண்டல் அருமை: குழையவில்லை, விரலால் நசுக்கினால் மாவாக உடைகிறது, மேலே மாங்காய்த் துருவல். வயது ஏற ஏறத் தசை கரையும், நடை மட்டும் அதைத் தடுக்காது, கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும், தட்டில் புரதமும் இருக்க வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் தேவை, ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். காலையில் இட்லி, சட்னியோடு முடித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் இங்கே கூட்டி வாருங்கள். கூழில்தான் உப்பு தூக்கல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைக்கச் சொல்லி வாங்குங்கள். அப்புறம், எட்டு மணிக்குள் போய்விடுங்கள், முட்டை தீர்ந்துவிடும்.