குரோஷா, குவில்டிங் வகுப்புக்காக நான் கட்டிய ரூ.10,150

இதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பணம் போன வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். "என் கைக்கு இதெல்லாம் வராது" என்று நானே நம்பிப் பாதியில் விடப் பார்த்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது குரோஷாவும் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) குவில்டிங்கும் (துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பது) கற்றுக்கொள்ள நினைத்து வகுப்பு தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாங்கள் இருப்பது கரூரில். வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பெண் ஆறாம் வகுப்பு, பையன் யு.கே.ஜி. கூடவே அத்தை இருக்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்குச் சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், 3.40-க்கு ஸ்கூல் வேன் வரும் வரைக்கும் உள்ள நேரம்தான் என்னுடையது. அந்த நேரத்தில் கையால் எதையாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பள்ளியில் படிக்கும்போது டீச்சர் ஒருவர் குரோஷா ஊசியால் மேசை விரிப்புக்கு ஓரம் பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த ஆசைதான்.

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. 45 நாளில் குரோஷாவும் குவில்டிங்கும், தினமும் நேரலை வகுப்பு, பொருட்கள் வீட்டுக்கே வரும், முடித்ததும் ஆர்டரும் நாங்களே தருவோம் என்றார்கள். வகுப்புக்கு 4,800, கிட்டுக்கு 2,350. தீபாவளிச் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். கட்டிய அன்றே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஆனால் அட்மின் மட்டும்தான் பேச முடியும். ஒருத்தர் சந்தேகத்தை இன்னொருத்தர் பார்க்க வழியில்லை. அது எதற்காக என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நேரலை என்றார்களே தவிர, வந்ததெல்லாம் பழைய வீடியோக்கள். யாரோ வெளிநாட்டுப் பெண்ணின் கைகள், மேலே தமிழ்க் குரல். கைகள் ஒன்று செய்யும், குரல் வேறொன்று சொல்லும்.

முதல் பாடம் ஒரு குட்டிக் கரடி பொம்மை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தலையை வட்டமாகப் பின்ன வேண்டும். ஊசியால் பின்னும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்பார்கள். முதல் சுற்றில் 6 கண்ணி, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18. நான்காவது சுற்றில், ஆறு இடத்தில் ஒரே கண்ணிக்குள் இரண்டு பின்னி மொத்தம் 22 வர வேண்டும் என்று அச்சடித்திருந்தது. எனக்கு 24 வந்தது. அவிழ்த்தேன். மறுபடி 24. ஊசியில் விரலை அழுத்தி அழுத்தி எண்ணினேன், ஆரம்பக் கண்ணியில் பையனின் சிவப்பு ஹேர்கிளிப்பை அடையாளம் மாட்டிவைத்து எண்ணினேன், 24. ஏழு தடவை அவிழ்த்திருப்பேன். அந்த நூலை அத்தனை தடவை அவிழ்த்தால் பிசிறு எழும்பிப் பூனை வால் மாதிரி ஆகிவிடும். ராத்திரி பதினொன்றரைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெண் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, பதினெட்டோட ஆறு கூட்டினா இருபத்திநாலுதானே, ஏன் இருபத்திரெண்டுன்னு போட்டிருக்கு?" என்றாள்.

குழுவின் அட்மினுக்குத் தனியாகக் கேட்டேன். "பிகினர்ஸ்க்கு டென்ஷன் வராது மேடம், பிராக்டிஸ் பண்ணுங்க" என்று பதில் வந்தது. நூலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோம் என்பதைத்தான் டென்ஷன் என்பார்கள். இறுக்கிப் பிடித்தால் பொம்மை சின்னதாகும், தளர்த்தினால் பெரிதாகும். கண்ணியின் எண்ணிக்கை எப்படி மாறும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு நம்பினேன்.

பின்னால் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடியபோதுதான் புரிந்தது. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய பொம்மைப் படங்களும், அதே மாதிரி எழுதவைத்த செய்முறைத் தாள்களும் இப்போது எங்கே பார்த்தாலும் விற்பனைக்கு இருக்கின்றன. படத்தில் கரடி அவ்வளவு அழகாக இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணிகள் ஒரு வரிசையில் போய்ப் பாதியில் காணாமல் போகும், நூல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. யாரும் அதைக் கையால் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொரு குழப்பமும் அந்தத் தாளில் இருந்தது. குரோஷாவில் கண்ணி வகைகளுக்கு அமெரிக்கப் பெயர்களும் பிரிட்டிஷ் பெயர்களும் வேறு வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள்தான் அங்கே ட்ரெபிள். எந்தக் கணக்கு என்று தாளின் மேலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். என் தாளில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது.

அப்புறம் குவில்டிங் பாடம். பூப்போட்ட துணிகளைச் சதுரமாக நறுக்கி ஒன்றோடொன்று தைத்து, கீழே ஒரு துணி, நடுவில் மெத்தென்ற பஞ்சுத் தாள் வைத்து மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவதுதான் குவில்ட். கிட்டில் 5 இஞ்சுச் சதுரங்கள் 36 வந்தன. பையனுக்குப் போர்த்தலாம் என்று ஆசையாக ஆரம்பித்தேன். இரண்டு வரிசை தைத்து இணைக்கும்போது மூலைகள் எதுவும் சேரவில்லை. ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை. பழைய கால் மிஷின், நமக்குத் தையலும் நேராக வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் தொடவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்டு வந்தவர் திண்ணையில் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஸ்கேல் இருந்தா எடுத்தா கண்ணு" என்றார். தைக்காமல் மிச்சமிருந்த சதுரங்களை வரிசையாக அளந்தார். ஒன்று நாலே முக்கால், ஒன்று அஞ்சேகால், ஒன்று சதுரமே இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு துண்டுக்குக் கால் இஞ்ச் வித்தியாசம் என்றால் ஆறு துண்டு கொண்ட வரிசையில் ஒன்றரை இஞ்ச் போய்விடும். எந்த மிஷினில் யார் தைத்தாலும் மூலை சேராது. பிறகு வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சிவப்புத் துண்டின் மேல் வைத்து அழுத்தினார். கைக்குட்டை குங்குமம் பட்ட மாதிரி ஆனது. துவைத்திருந்தால் பக்கத்திலிருந்த சந்தன நிறமெல்லாம் ரோஸ் ஆகியிருக்கும்.

நூல் உருண்டையையும் எடுத்தார். லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று இருந்தது. ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினார். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கருப்பாகக் கடுகளவு உருண்டையாக நுனியில் நின்றது. ஆறிய பிறகு நகத்தால் தட்டினால் டக் டக் என்றது. "இது உல்லன் நூல்னு கடையில விக்கிறாங்களே, அந்த அக்ரிலிக் கண்ணு. இதுக்காடா ரெண்டாயிரத்துச் சொச்சம்?" என்றார். அக்ரிலிக் மோசமான நூல் என்று நான் சொல்லவில்லை. பொம்மைக்கும் தோரணத்துக்கும் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. பருத்தி என்று பொய் சொல்லி விற்றதுதான் தப்பு. கரூர் வெயிலில் குழந்தைத் தலைக்கு இந்த நூலில் பின்னிய தொப்பியை மாட்டினால் என்ன ஆகும்?

தொப்பி என்றதும் அடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அக்கா அளந்து பார்ப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே நான் இன்னொரு 3,000 கட்டியிருந்தேன். "ஜாப் ஒர்க் பேட்ச்" என்றார்கள். குழந்தைத் தொப்பி ஒன்றுக்கு 180 ரூபாய், திருப்பித் தரும் டெபாசிட் 3,000. பத்துத் தொப்பி பின்னினேன். ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. வேன் வந்து பையன் "அம்மா" என்று கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் பின்னிய நாட்கள் உண்டு. கூரியர் செலவும் என்னுடையதுதான். நாலு நாளில் தொப்பிகளின் மேல் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோக்கள் வந்தன. அளவு சரியில்லை, பத்தும் ரிஜெக்ட். அவர்கள் அங்கீகரித்த நூலை 1,900 கொடுத்து வாங்கிப் புதிதாகப் பின்னினால் பார்க்கலாமாம். என் டெபாசிட்டைக் கொடுங்கள் என்று கேட்ட அரை மணியில் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொப்பிகளும் திரும்பி வரவில்லை.

ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனி துணி கொடுக்கும், நூல் கொடுக்கும், நாம் தைத்துக் கொடுத்து பீசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். ஆந்திராவில் நரசாபுரம் என்று ஓர் ஊர். குரோஷா லேசுக்குப் பேர்போனது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னுகிறார்கள். அங்கேயும் வியாபாரி நூலைக் கொடுத்துவிட்டுப் பின்னியதை வாங்கிப்போவதுதான் வழக்கம். கூலி குறைவு என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு, ஆனால் வேலை செய்பவளிடம் காசு வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பது கைத்தொழிலில் கிடையாது. டெபாசிட், பதிவுக் கட்டணம், எங்கள் நூலைத்தான் வாங்க வேண்டும், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

பணம் போனது தெரிந்தவுடன் 1930-க்குப் போன் பண்ண வேண்டும். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னபோது அவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை என்பதை நான் அன்றைக்கே உணர்ந்திருந்தால் அந்த ஐந்து வாரம் வீணாகியிருக்காது.

மட்டமான பொருள், சொன்னபடி நடக்காத வகுப்பு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் தங்கள் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரி விவரத்தை வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. என்னை ஏமாற்றியவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு போன் நம்பர் தவிர எதுவும் இல்லை. பணம் கட்டும் முன் நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

இப்போது எங்கள் ஊரிலேயே எக்ஸ்போர்ட்டில் மிஞ்சும் காட்டன் கட்பீஸ்களை எடை போட்டு வாங்கி வருகிறேன். வந்தவுடன் நனைத்துக் காயவைத்து, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டுகிறேன். அட்டையில் ஒரே ஒரு 5 இஞ்சுச் சதுரம் வெட்டிவைத்து எல்லாவற்றையும் அதன் மேல் வைத்தே அளக்கிறேன். ஓரத்தில் கால் இஞ்ச் விட்டுத் தைக்கிறேன். முதல் நாலு சதுரத்தின் மூலைகள் நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒன்றாக நின்றபோது அத்தையை எழுப்பிக் காட்டினேன். அதே மிஷின், அதே கைதான். கரடியையும் முடித்துவிட்டேன், நான்காவது சுற்றில் 24 போட்டு. பையன் அதோடுதான் தூங்குகிறான்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கக் காகிதங்களைச் சேர்க்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, அட்மினின் மெசேஜ்கள், உருகிய நூல், அளந்த சதுரங்கள் எல்லாம் இருக்கின்றன. அனுப்பியவர் முகவரிக்குத்தான் திண்டாடினேன். கிட் வந்த அட்டைப்பெட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். போன வாரம் பரணில் பார்த்தால், அத்தை அதில் புளி கட்டி வைத்திருக்கிறார். கூரியர் தாள் கிழியாமல் அப்படியே ஒட்டியிருக்கிறது. அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு கிட் வந்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.