யூஸ்நெட் சர்வர்ல எந்த குரூப்பை வச்சுக்கறது, எதை தூக்கறது - ரொம்ப நாள் யூசரோட அனுபவம்

யூஸ்நெட்டை, அதாவது தலைப்பு வாரியா குரூப் பிரிச்சு ஆளுங்க போஸ்ட் போட்டு பேசிக்கற பழைய இன்டர்நெட் அரங்கத்தை, பல வருஷமா படிக்கறேன், நடுவுல அந்த போஸ்ட்டையெல்லாம் சேமிச்சு படிக்கக் கொடுக்கற ஒரு சின்ன நியூஸ் சர்வரையும் பாத்துக்கிட்டேன். புதுசா வர்றவங்க எல்லா சர்வர்லயும் எல்லா குரூப்பும் இருக்கும்னு நினைக்கறாங்க, அப்படியெல்லாம் இல்ல, எதை எடுக்கறதுங்கறது அந்தந்த அட்மின் இஷ்டம்.

காம்ப் (கம்ப்யூட்டர்), ரெக் (பொழுதுபோக்கு), சை (அறிவியல்) மாதிரி பெரிய வரிசைகள்ல புது குரூப் வேணும்னா ஒரு காலத்துல ஓட்டெடுப்பு நடக்கும். வேணும்ங்கற ஓட்டு வேணாம்ங்கறதை விட 100 அதிகம் இருக்கணும், மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கும் இருக்கணும். கேக்க நியாயமா இருக்கும், ஆனா ஓட்டு போட்டவங்க அத்தனை பேரும் வந்து எழுதுவாங்களா என்ன? அப்படி ஜெயிச்சு ஈ ஓட்டற குரூப் நிறைய. 1987ல ஆரம்பிச்ச ஆல்ட் வரிசைல அந்த சடங்கே கிடையாது, அதனால அங்க குப்பையும் ஜாஸ்தி, நல்லதும் இருக்கு.

ஆல்ட் பைனரீஸ், அதாவது படம், வீடியோ மாதிரி ஃபைல் போடற குரூப்கள் பத்தி யோசிக்கவே வேணாம், சின்ன சர்வர்னா டிஸ்க் தாங்காது, விட்டுடுங்க.

டெக்ஸ்ட் குரூப்லதான் சிக்கலே. தினம் எத்தனை போஸ்ட்னு பாத்து முடிவு பண்ணா ஸ்பாம் குரூப்தான் ஜெயிக்கும். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, கேள்வி கேட்டவருக்கு வேற யாராவது பதில் சொல்றாங்களா. மாசத்துக்கு ஒரு கேள்வி வந்து அன்னிக்கே உருப்படியா பதில் வந்தா அது உயிரோட இருக்கற குரூப், வச்சுக்கலாம். 2024 பிப்ரவரி 22ல கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டை கைவிட்டுச்சு பாருங்க, அதுவழியா வந்துட்டிருந்த ஸ்பாம் நின்னதும் எது உயிரோட இருக்கு எது செத்துச்சுன்னு பளிச்சுனு தெரிஞ்சிடுச்சு.

யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு, எக்ஸ்பயரி, அதாவது பழைய போஸ்ட்டை எத்தனை நாள் கழிச்சு சர்வர் அழிக்கணும்ங்கறது. ஐஎன்என்ங்கற நியூஸ் சர்வர் சாஃப்ட்வேர்ல எக்ஸ்பயர்.சிடிஎல் ஃபைல்ல நாள் கணக்கை 3ன்னு போட்டா குரூப் என்னமோ லிஸ்ட்ல இருக்கும், ஆனா சனிக்கிழமை வந்து பாக்கறவருக்கு திங்கக்கிழமை கேட்ட கேள்வி போயிருக்கும், வெள்ளிக்கிழமை பதில் மட்டும் தலையில்லாம தொங்கும். அதுக்கு அந்த குரூப் இல்லாமலே இருக்கலாம். பாதி குரூப்பை குறைச்சாவது மீதியை மாசக்கணக்குல வைக்கறதுதான் என் கட்சி.

மாடரேட்டர் (போஸ்ட்டை பாத்து அனுமதிக்கறவர்) காணாமப் போன குரூப்பை மட்டும் தயங்காம தூக்கிடுங்க. அங்க நாம போடறது மாடரேட்டர் மெயிலுக்குத்தான் போகும், அங்கேயே அமுங்கிடும், அனுப்பினவர் பதிலுக்கு காத்துக்கிட்டே இருப்பார்.