டிஆர்பிடி கட்டளைக் கருவிகள்: இரு வட்டுகளின் பேச்சுவார்த்தையை நடத்தித் தருவதில் எவ்வளவு தேறுகின்றன?

ஒரு சர்வரின் வட்டில் எழுதப்படுவதை நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வரின் வட்டிலும் உடனுக்குடன் எழுதிவைக்கும் டிஆர்பிடி, வியன்னாவில் இயங்கும் லின்பிட் நிறுவனத்தின் படைப்பு. பிலிப் ரைஸ்னர் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், 2010-இல் வெளிவந்த 2.6.33 பதிப்பு முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பகுதியாகவே இருந்துவருகிறது. நகலெடுக்கும் வேலை முழுவதையும் கெர்னல் பார்த்துக்கொள்வதால், நிர்வாகியின் கைக்கு வருபவை டிஆர்பிடி-யுடில்ஸ் தொகுப்பில் உள்ள கட்டளைகள்தாம். அன்றாட வேலைக்கு இவற்றைவிட நேர்த்தியான கருவிகளை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை. ஆனால் நெருக்கடி வரும்போது, எந்த சர்வரில் அமர்ந்து கட்டளையைத் தட்டுகிறோம் என்பதிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் இவை காட்டும் எச்சரிக்கை போதாது என்பதே என் கணிப்பு.

தொகுப்பின் மையம் மூன்று கட்டளைகள். டிஆர்பிடி-அட்ம் என்பது கட்டமைப்புக் கோப்பைப் படித்து, அதில் சொல்லியிருப்பதைச் சிறு சிறு ஆணைகளாகப் பிரிக்கிறது. அவற்றைக் கெர்னலிடம் கொண்டுசேர்ப்பது டிஆர்பிடி-செட்டப். வட்டில் ஓரமாகக் குறித்துவைக்கப்படும் மெட்டா தரவை, அதாவது எது மாறியது என்பது போன்ற டிஆர்பிடியின் சொந்தக் குறிப்புகளைக் கவனிப்பது டிஆர்பிடி-மெட்டா. நாம் வழக்கமாகத் தட்டுவது முதலாவதை மட்டுமே. அதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி 'மைனஸ் டி' என்ற விருப்பம். அதைச் சேர்த்தால், கட்டளை எதையும் செய்யாமல், தான் செய்யவிருக்கும் ஆணைகளை வரிசையாகத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கோப்பில் ஏதேனும் ஒரு காலவரம்பை மாற்றிவிட்டு, அந்த மாற்றத்தை ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்குப் பொருத்தும் 'அட்ஜஸ்ட்' கொடுப்பதற்கு முன் இப்படி ஒத்திகை பார்த்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு அறுபடப் போகிறதா அல்லது அந்த ஒரு அளவு மட்டும் மாறப் போகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். உண்மையான சேவைகள் ஓடும் சர்வர்களில் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே கட்டமைப்புக் கோப்பை இரண்டு சர்வர்களிலும் வைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் நல்லதே. ஆனால் கோப்பில் எழுதும் பெயர், அந்த இயந்திரம் தனக்கு வைத்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். முழு டொமைன் பெயர் ஓரிடத்திலும் குறும்பெயர் மற்றோரிடத்திலும் இருந்தால், இந்த வளம் (நகலெடுக்கப்படும் வட்டுப் பகுதிக்குக் கோப்பில் தரும் பெயர்) உங்கள் கட்டமைப்பில் இந்த இயந்திரத்துக்கென வரையறுக்கப்படவில்லை என்று ஒரு வரியில் மறுத்துவிடும். புதிதாக வருபவர்கள் கோப்பின் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இந்தச் செய்தியைப் பார்த்துத்தான். 'இயந்திரத்தின் பெயர் இது, கோப்பில் இருக்கும் பெயர் அது' என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம்.

இரு பக்கத்து வட்டுகளும் பேசிக்கொள்ளும் முறையை ஒரே எழுத்தில் தேர்ந்தெடுக்கலாம். புரோட்டோகால் ஏ என்றால், உள்ளூர் வட்டில் எழுதி முடிந்து, செய்தி நெட்வொர்க்கில் போகக் காத்திருக்கும் டிசிபி அனுப்பு பஃபரில் விழுந்ததுமே எழுதும் வேலை முடிந்ததாகக் கணக்கு. பி என்றால் எதிர்ப்பக்கம் செய்தியைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். சி என்றால் எதிர்ப்பக்கத்து வட்டிலும் எழுதி முடிந்தாக வேண்டும். சி-யை ஒரே அறைக்குள் இருக்கும் சர்வர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஊர்விட்டு ஊர் போகும் இணைப்பில் அதை வைத்தால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் செய்தி ஒருமுறை போய்வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், தரவுத்தளம் ஊர்ந்துபோகும். தரவுக்கு ஒன்றும் ஒப்புகைகளுக்கு ஒன்றுமாக இரண்டு டிசிபி இணைப்புகளைத் தனித்தனியே வைத்திருப்பதால், பெருமளவு தரவு போய்க்கொண்டிருக்கும்போதும் ஒப்புகைகள் அதன் பின்னால் வரிசையில் நிற்பதில்லை. சும்மா இருக்கும் இணைப்பில் 10 நொடிக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்வதும், பதிலுக்கு அரை நொடி மட்டுமே பொறுப்பதும் இயல்புநிலை அமைப்பு. நெரிசலான நெட்வொர்க்கில் அந்த அரை நொடியை உயர்த்துவது நல்லது.

'ஸ்டேட்டஸ்' கட்டளையின் வெளியீடு டிஆர்பிடியின் 9-ஆம் பதிப்பு வரிசையில் வெகுவாகத் தெளிந்திருக்கிறது. முதல் வரியில் வளத்தின் பெயரும் இந்தப் பக்கத்தின் பொறுப்பும் (எழுதும் முதன்மையா, நகலை வாங்கும் இரண்டாம் நிலையா), அதன் கீழே உள்தள்ளி நமது வட்டின் நிலை, அதற்கும் கீழே எதிர்ப்பக்கத்தின் பெயர், பொறுப்பு, வட்டு நிலை. ஒத்திசைவு நடந்துகொண்டிருந்தால் நாம் கொடுப்பவரா வாங்குபவரா என்பதும், எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதும் அதே இடத்தில் வந்துவிடும். இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் முழு வட்டையும் அனுப்புவதில்லை. 4 கேபி-க்கு ஒரு பிட் என்ற கணக்கில் மாறிய இடங்களைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் அனுப்புகிறது. ஒரு டிபி வட்டுக்கு இந்தக் குறிப்பேடு 32 எம்பி-தான் பிடிக்கும்.

இதற்கு நேர்மாறாக, 'வெரிஃபை' எனக்குத் திருப்தி தரவில்லை. இரு பக்கத்துத் தரவும் உண்மையில் ஒன்றுதானா என்று வேலையை நிறுத்தாமலே ஒப்பிடும் வசதி இது. ஒப்பிடுவதற்கான வழிமுறையை முதலில் கட்டமைப்பில் குறிப்பிட்டால்தான் இயங்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வேறுபாடு கண்டால் அந்த இடத்தைக் குறித்துவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால்தான் சரிசெய்யும். இரவு நேர வேலையாக இதை ஓடவிட்டு, காலையில் பதிவைப் பார்க்காமல் விட்டால், சோதனை நடந்தது என்ற நினைப்பு மட்டுமே மிஞ்சும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன நெருக்கடி. இரு சர்வர்களுக்கும் இடையே தொடர்பு அறுந்த நேரத்தில் இரண்டுமே தன்னை முதன்மை என்று கருதித் தனித்தனியே எழுதிவிட்டால் அது ஸ்பிளிட் பிரெய்ன். தொடர்பு திரும்பியதும் கெர்னல் இதைக் கண்டுபிடித்து, பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பைக் கைவிடுகிறது. இயல்புநிலை அமைப்பில் தானாக எந்தத் தரவையும் அழிப்பதில்லை. இது சரியான முடிவு. அதன் பிறகு, எந்தப் பக்கத்தின் மாற்றங்களைக் கைவிடுவது என்று மனிதர் தீர்மானித்து, அந்தப் பக்கத்தில் என் தரவைக் கைவிடு என்ற விருப்பத்தோடு 'கனெக்ட்' கொடுக்க வேண்டும். இரண்டு ஜன்னல்களில் இரண்டு சர்வர்கள், ஒன்றுபோலவே தோன்றும் முனையங்கள், நள்ளிரவு. புதிய மெட்டா தரவு எழுதும்போது, ஏற்கெனவே மெட்டா தரவு இருந்தால் 'யெஸ்' என்று முழுச் சொல்லையும் தட்டச் சொல்லும் இதே தொகுப்பு, ஒரு பக்கத்தில் எழுதப்பட்டவற்றைத் தூக்கியெறியும் இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. முதன்மைப் பொறுப்பில் இருக்கும் பக்கத்தில் இந்த விருப்பத்தை ஏற்க மறுப்பது உண்மைதான். ஆனால் சேவைகளை நிறுத்தி இரண்டையும் இரண்டாம் நிலைக்கு இறக்கிய பின் அந்தத் தடுப்பும் இருக்காது. 'இன்வாலிடேட்', 'இன்வாலிடேட்-ரிமோட்' என்ற இரண்டும் ஒரு சொல் வித்தியாசத்தில் எதிரெதிர்த் திசையில் ஒத்திசைவைத் திருப்புகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே இந்த நிலைக்கே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்கு 9-ஆம் வரிசை தரும் கோரம் வசதி மிகச் சிறந்தது: பெரும்பான்மையோடு தொடர்பில் இல்லாத சர்வர் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது சர்வருக்கு வட்டுகூடத் தேவையில்லை. வாக்களிக்க ஒரு சிறிய இயந்திரம் போதும். ஆனால் பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் கெர்னலோடு வருவது 8.4 வரிசை. அதில் ஒரு வளத்துக்கு இரண்டு சர்வர்கள்தாம், கோரமும் கிடையாது. கட்டளைத் தொகுப்பு 9-ஆக இருந்தாலும் 8.4 கெர்னல் மாட்யூலோடு (கெர்னலில் ஏற்றப்படும் டிஆர்பிடி பகுதியோடு) சத்தமில்லாமல் ஒத்துப்போய்விடுவதால், புதிய வரிசையில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருப்பது எளிது. டிஆர்பிடி-அட்முக்கு 'வெர்ஷன்' விருப்பம் கொடுத்தால் கெர்னல் பதிப்பும் கருவியின் பதிப்பும் தனித்தனி வரிகளில் வரும். கெர்னல் வரியில் 8.4 என்று இருந்தால், கோரம் அமைப்பை எழுதத் தொடங்குவதற்கு முன்பே 9-ஆம் வரிசை மாட்யூலைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.