கரண்டில் ஓடும் மாருதி 800: எல்லாம் சரி, அந்தப் பம்ப்பைத் தவிர

பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டுக் கரண்டு மோட்டார் மாட்டிய என் வண்டியில், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பின் ரிலே (பம்ப்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி) போன வாரம் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. புதுசு மாட்டிய கையோடு எழுதுகிறேன், அதனால் வார்த்தையில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடப் படித்த நண்பன் ஒருவன் வேறு, தன் பழைய ஆல்ட்டோவை இதே மாதிரி மாற்றலாமா, மோட்டார் என்ன விலை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் இதுதான் பதில்.

வண்டி மாருதி 800, நாலு கியர். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓடுகிறது: வீடு, களம், கிணறு, வாய்க்கால் மேடு, திரும்ப வீடு. ரோட்டுக்கு எடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவுப்படி ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றி ஓட்ட முடியாது. பெட்ரோலிலிருந்து கரண்டுக்கு மாற்றுவதென்றால் ஏஐஎஸ் 123 என்ற வாகனத் தர விதிப்படி சோதித்து ஒப்புதல் வாங்கிய 'கிட்'டாக (மாற்றும் சாமான் செட்) இருக்க வேண்டும், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யையும் திருத்த வேண்டும். பட்டறையில் நாமே கோர்த்த வண்டி அந்தக் கணக்கில் வராது. இது தெரிந்தேதான் தோப்புக்கென்று செய்தேன். ஆல்ட்டோக்காரன் தினம் கோயமுத்தூர் போய்வர நினைக்கிறான், அவன் கதை வேறு.

இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க் இருந்த இடத்திலும் டிக்கியிலுமாக 24 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர். கூட்டினால் 76.8 வோல்ட், கடைக்காரர்கள் 72 வோல்ட் செட் என்பார்கள். மொத்தம் ஏழரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கிலோமீட்டருக்குச் சுமார் 100 வாட் அவர் இழுக்கிறது, பேட்டரியை முழுக்க வற்றவிடாமலே அறுபது கிலோமீட்டர் தாண்டும். தோப்புக்குள் சுற்ற இது தாராளம். செலவில் பாதி பேட்டரிக்கே போனது.

மோட்டாரும் கியர் பாக்ஸும் சேர்கிற இடம்தான் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கோவை கணபதியில் ஒரு லேத்துக்கார அண்ணன் அதை அலட்டிக்கொள்ளாமல் முடித்தார். பழைய க்ளட்ச் பிளேட்டின் நடுவில், கியர் பாக்ஸ் ஷாஃப்டில் உட்காரும் பல்லு வைத்த புஷ் இருக்குமே, அதை மட்டும் வெட்டி எடுத்து, மோட்டார் பக்கத்துக் கப்ளிங்கோடு வெல்டு வைத்து, நூலிழை ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை ஊன்றிச் சுற்றிப் பார்த்து, முள் ஆடுகிற அளவு மனசுக்குப் பிடிக்கிறவரை மறுபடி மறுபடி கடைந்தார். நடுவில் ஒரு டீ. மூணு மழைக்காலம் போய்விட்டது, அந்த இடத்திலிருந்து இன்றுவரை ஒரு முனகல் இல்லை. க்ளட்ச் பெடலே கிடையாது. செகண்டில் போட்டால் நாள் முழுக்கச் செகண்ட்தான், தேங்காய் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது மட்டும் ஃபர்ஸ்ட்.

சரி, பம்ப்புக்கு வருகிறேன். பிரேக்கில் பூஸ்டர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம் தெரியும் கறுப்பு உருளை, அது இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வேக்குவத்தில் வேலை செய்வது. இன்ஜினைக் கழற்றி இறக்கியதும் அது செத்துவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், முழுக் கால் பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். அதனால் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு வேக்குவம் பம்ப், வேக்குவம் குறைந்தால் அதை எழுப்பிவிட ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரு ரிலே. இவ்வளவுதான் சங்கதி. மொத்தச் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இந்த வண்டியில் நான் பட்ட எரிச்சலில் முக்கால்வாசி இதனால்தான்.

ரெண்டு தடவை பிரேக் மிதித்தால் போதும், டர்ர்ர் என்று காலடியில் மிக்ஸி ஓடுகிறது. பெட்ரோல் வண்டியில் இது யார் காதிலும் விழாது. இங்கே வேறு சத்தமே இல்லையே. தோப்புக்குள் வண்டி வருவது மயில்களுக்கே தெரிவதில்லை, நடுப் பாதையில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தால்தான் நகர்கின்றன. அவ்வளவு அமைதியில் இந்த டர்ர்ர். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பரில் பம்ப்பைத் தொங்கவிட்டேன், பாதி குறைந்தது. நாலு இஞ்ச் பிவிசி பைப்பை வெட்டி ரெண்டு பக்கமும் மூடி ஒட்டி வேக்குவம் சேர்த்து வைக்கும் டேங்க்காக மாட்டினேன். இப்போது அடிக்கடி ஓடுவதில்லை, ஓட ஆரம்பித்தால் சீக்கிரம் நிற்பதுமில்லை. எது தேவலை என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ரிலே ஒட்டியதற்குக் காரணம் அந்த ஸ்விட்ச். அது 'ஆன்' ஆகிற அளவுக்கும் 'ஆஃப்' ஆகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, அதனால் ரிலே படபடவென்று அடித்து, உள்ளே இருக்கும் பாயிண்ட் உருகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் பம்ப் நிற்காது. சாவியை எடுத்தால்தான் அடங்கும். விற்ற கடையில் கேட்டால் 'எல்லாருக்கும் இதைத்தான் தர்றோம், ஒருத்தரும் கம்ப்ளெய்ன்ட் சொன்னதில்ல' என்கிறார்கள். இந்த முறை ஸ்விட்ச் எழுப்பிவிட்டதும் சில நொடி விடாமல் ஓடவிட்டு நிறுத்தும் டைமர் ரிலே போட்டிருக்கிறேன். படபடப்பு நின்றுவிட்டது. டர்ர்ர் நிற்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு நாள் பிரேக்கையே தொடாமல் பம்ப் தானாக ஓடி நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. பார்த்தால் பூஸ்டரில் ஹோஸ் சொருகும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. சத்தம் கேட்காவிட்டால் வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் தெரிந்திருக்கும். ஆக உபகாரிதான். உபகாரிகள் சிலர் இப்படித்தான் கத்துவார்கள்.

அந்த இறக்கத்தில் இன்னொரு விஷயம். காலையில் ஃபுல் சார்ஜோடு இறங்கினால் மோட்டார் திருப்பி அனுப்பும் கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது, பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் பட்டென்று கட் பண்ணிவிடும். சார்ஜைத் தொண்ணூறு சதவீதத்தோடு நிறுத்தினால் தீர்ந்தது. சார்ஜ் என்றதும், 'தோட்டத்தில்தான் இலவசக் கரண்ட் இருக்கே' என்று கண்ணடிக்காத ஆள் இல்லை. அது மோட்டார் பம்ப்செட்டுக்குக் கொடுத்தது சாமி, காரைச் சொருகினால் கேஸ். வீட்டு லைனில்தான் போடுகிறேன்.

எலி ஒயரைக் கடிப்பது, மீட்டரில் பெட்ரோல் முள் நிரந்தரமாகக் காலியில் படுத்திருப்பது, இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. ஆயில் மாற்றம் இல்லை, கார்புரேட்டர் இல்லை, காலையில் சோக் இழுத்துக் கெஞ்சுவது இல்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தால் போகிறது. மூட்டையோடு மேட்டின் பாதியில் நிறுத்தி எடுத்தாலும் இன்ஜின் அணைந்துவிடுமோ என்ற பயமே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். ரோட்டில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் கம்பெனியிலிருந்தே கரண்டாக வந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டில் பார். என் வண்டியைக் கொடு என்று மட்டும் கேட்காதே, அது விற்பனைக்கு இல்லை. இல்லை, நானே செய்துதான் பார்ப்பேன் என்று நின்றால், மோட்டார் விலையைக் கேட்பதை நிறுத்து. உன் ஆல்ட்டோவில் பூஸ்டர் இருக்கிறது. முதலில் அந்தப் பம்ப்பை மட்டும் வாங்கி, வீட்டு ஹாலில் ஒரு பழைய பேட்டரியில் கொடுத்து, ஒரு சாயங்காலம் முழுக்க ஓடவிட்டுக் கேள். வீட்டில் தங்கச்சியையும் பக்கத்தில் உட்காரவை. அவள் சரி என்றால் அப்புறம் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.