மூணு பேர் மட்டும் மிஞ்சிய ரேஸ் கிளாஸை என்ன செய்வது?

சேலத்தில் ரிமோட் கார் ரேஸ் ஓட்டும் எங்களுக்கென்று தனி டிராக் கிடையாது. ஜவ்வரிசி ஆலையின் காயப்போடும் களம்தான் மைதானம். ஆலை ஓடாத வாரங்களில் விடுவார்கள். பழைய ஹோஸ் பைப்பை வளைத்துப் போட்டால் பாதை தயார். மூலைகளில் ஒட்டியிருக்கும் மாவு ரெண்டே ரவுண்டில் டயரை வெள்ளையாக்கிவிடும், அப்புறம் திருப்பத்தில் வண்டி தன் இஷ்டத்துக்கு வழுக்கும்.

இங்கே 1/10 நைட்ரோ டூரிங் கார் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, பேட்டரிக்குப் பதில் நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சின்) கிளாஸில் ஓட்டியவர்கள் ஒன்பது பேர். இப்போது மூணு பேர். நானும் அதில் ஒருவன், அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை, எலக்ட்ரிக் கார்களோடு சேர்த்து ஓட்டிவிடலாம் என்பது. ரெண்டு தடவை செய்து பார்த்தோம். வரிசையில் பத்து வண்டி நின்றதும் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலக்ட்ரிக் ஓட்டம் 5 நிமிடம். நைட்ரோவில் 75 சிசி டேங்க் ஒன்றே அந்த 5 நிமிடத்தைக் கிட்டத்தட்ட ஓட்டிவிடும். ஓட்டத்தின் நடுவே எரிபொருள் நிரப்பும் இடமான பிட்டுக்குள் பாய்ந்து வந்து, மூடியைத் திறந்து எரிபொருள் பீய்ச்சி, மூச்சு விடுவதற்குள் திருப்பி அனுப்பும் வேலையே இல்லாமல் போகிறது. நைட்ரோவின் பாதி சுகம் அதில்தான். போதாததற்கு, கிளட்ச் பிடித்து வேகமெடுப்பதற்குள் எலக்ட்ரிக் அடுத்த வளைவில் இருக்கும். ரெண்டாவது தடவைக்குப் பிறகு எங்களில் ஒருவர் வண்டியையே விற்றுவிட்டார்.

கிளப் வண்டி வாங்கி வைத்துப் புதியவர்களுக்குக் கொடுப்பது எலக்ட்ரிக்கில் பிரமாதமாக எடுபடுகிறது. டமியா டிடி-02 மாடல் கார், பிரித்து மாற்ற முடியாதபடி சீல் செய்த 540 அளவு மோட்டார், மோட்டாரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. ஒரு பையன் வந்த அன்றே ஓட்டிவிடுகிறான். நைட்ரோவில் அது நடக்காது. இரவல் வண்டியின் கார்ப்பரேட்டர் ஊசியை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) யாரோ இறுக்கிவிட, எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய் பத்தாமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. செலவு எல்லார் தலையிலும் விழுந்தது.

ஊசி விஷயம் ஒன்றும் சின்ன விஷயமில்லை. மூவரில் ஒருவர் ஏற்காட்டுக்காரர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, அதற்கேற்ப ஊசியைச் சுருக்கி வைத்திருப்பார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் களத்துக்கு வந்ததும் அவருடைய முதல் வேலை, கார்ப்பரேட்டர் ஊசியைத் திறந்து விடுவது. மறந்தால் கீழேயுள்ள அடர்ந்த காற்றில் எரிபொருள் பத்தாமல் எஞ்சின் கொதித்துவிடும். (எரிபொருளில் மெத்தனாலோடும் நைட்ரோமீத்தேனோடும் ஆமணக்கெண்ணெய் கலக்கும் வழக்கம் உண்டு. நம்ம மாவட்டத்து ஏத்தாப்பூரில் இருப்பதோ மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். களமும் எண்ணெயும் ரெண்டுமே நம்ம ஊர்ச் சரக்கு!)

கிளப் வண்டி கொடுப்பதைவிட விதியை இறுக்குவது தேவலை. ஆனால் எஞ்சினைக் கட்டுப்படுத்த நினைத்தால் சண்டைதான் மிஞ்சும். டயரில் கை வைத்தால் உடனே பலன் தெரியும். ஃபோம் டயரைக் கடைந்து விட்டத்தைச் சரிசெய்ய மிஷின் வேண்டும், கொஞ்சம் தேய்ந்தாலே கியர் கணக்கு மாறிவிடும். எல்லாருக்கும் ஒரே ரப்பர் டயர் என்று வைத்ததும், விட்டுப்போன ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் எஞ்சினை விட்டு ஓடவில்லை, கடைசல் வேலையை விட்டுத்தான் ஓடியிருக்கிறார்!

அதோடு, மாதாமாதம் மூணு வண்டியை வைத்துக்கொண்டு இழுப்பதை நிறுத்துவது. வருஷத்துக்கு மூணு தடவை போதும், ஆனால் முழுசாக 30 நிமிட ஃபைனல், பிட்டோடு. மாதாமாதம் என்றால் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்கள், மூணே தடவை என்றால் ஈரோட்டிலிருந்துகூடக் கிளம்பி வருகிறார்கள். இடையில் கைப்பழக்கம் போய்விடும் என்பது உண்மை. முதல் பத்து நிமிடம் எல்லாரும் ஹோஸ் பைப்பில்தான் முட்டுகிறோம். இருந்தாலும் என் ஓட்டு இதற்கும் ரப்பர் டயருக்கும்தான்.

காவல்காரர் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. “ஏன் தம்பி, சத்தம் போடாத வண்டி அத்தனை இருக்குதே, அதை ஓட்டக் கூடாதுங்களா?” என்கிறார். அடுத்த ஓட்டம் ஆலை நின்றதும். ரப்பர் டயர் எட்டு செட் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.