நாடு திரும்புவதா, தமிழகத்திலேயே இருப்பதா?

இலங்கையில் போர் 2009இல் முடிந்துவிட்டது. 1983 முதல் அலை அலையாக வந்த ஈழத்தமிழரின் முகாம் வாழ்க்கை முடியவில்லை. முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமைச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

ஆவணம்
திரும்பினால்: இலங்கைக் குடியுரிமை உறுதி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊர் மருத்துவமனையின் பிறப்புச் சான்றில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அலைச்சல்தான். முதலில் அதைத் திருத்துங்கள்.
இருந்தால்: அண்டை நாடுகள் சிலவற்றின் சிறுபான்மையினருக்குக் குடியுரிமைக்கு வழி தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. இது அநீதி என்றே சொல்வேன். ஆனால் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் பிறந்த பலருக்கு இது தெரியாது!

நிலம்
திரும்பினால்: உறுதிப்பத்திரம் (நிலப் பத்திரம்) கையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ராணுவம் பிடித்த காணிகளில் (நிலங்களில்) ஒரு பகுதிதான் விடுவிக்கப்பட்டிருக்கிறது.
இருந்தால்: அரசு கட்டித் தரும் வீட்டில் குடியிருக்கலாம், நிலம் சொந்தமாகாது.

பிழைப்பு
அங்கே தொழிலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே பெயின்ட் வேலை, கூலி வேலை கிடைக்கும். பட்டம் படித்தாலும் அரசு வேலை கிடையாது.

காணியும் உறவும் அங்கே உள்ள முதியவர்களுக்குத் திரும்புவதே பொருந்தும். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் கிளம்புமுன் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தால், படிப்பு முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.