சம்பங்கி வேரில் ஊர்ந்த பேனுக்கு 4,850 ரூபாய்

நேற்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் முடிச்சுப் போட்ட பாலிதீன் கவர், உள்ளே கருஞ்சாம்பல் நிறக் குருணை. பேர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை. "வேர்ச் சிலந்திக்குன்னு குடுத்தாங்க கண்ணு, எப்படிப் போடோணும்?" என்றார். வலை பின்னுகிற சிலந்தி இல்லை, பொடிப் பேன் மாதிரி ஊர்வதைத்தான் இங்கே சிலந்தி என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐப்பசியில் நானும் இதே கவரை வாங்கிவந்தவள். அதனால்தான் இந்தப் பதிவு.

சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்கு 40 சென்ட் சம்பங்கி. பிரஜ்வல் ரகம், இரண்டாம் வருஷம். தெற்கு மூலையில் திட்டுத் திட்டாக மஞ்சளித்தது. பூக்கதிர் முழங்காலைத் தாண்டவில்லை, அரும்பும் சிறுத்துவிட்டது. சொட்டுக்குழாயில் அடைப்போ என்று பார்த்தேன், இல்லை. ஒரு தூரைத் தோண்டினால், அழுகின கிழங்கடியில் கசகசாவை விடச் சின்னதாக வெள்ளையும் பழுப்புமாக என்னவோ ஊர்கிறது. போனில் படம் பிடித்துக்கொண்டு டவுனில் மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் படத்தை இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க்கா, இது வேர்ச் சிலந்திங்க. தென்னைக்கு வந்தமாதிரி இப்ப மண்ணுக்கும் வந்துருச்சு. விட்டீங்கன்னா காடே போயிரும்." தென்னை என்றதும் நான் விழுந்துவிட்டேன். 1998 வாக்கில் கேரளாவில் தலைகாட்டிய ஈரியோபைட் சிலந்தி இந்தப் பக்கம் வந்து காயெல்லாம் சொறிபிடித்துச் சிறுத்ததைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. சிலந்தி என்றால் இங்கே பயம் தானாக வரும். அது வேறு ஜாதி, குரும்பையின் தொட்டுக்கு அடியில் இருப்பது, வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இலைச் சிலந்திக்கு அடிக்கிற மருந்து ஒரு பாட்டில், வேர் ஊக்கி என்று ஒரு பாட்டில், அப்புறம் சாக்கில் இருந்து அள்ளிப்போட்ட குருணை மூன்று கிலோ. மொத்தம் 4,850 ரூபாய். பில் கேட்டதற்கு, "மெஷின் ரிப்பேருங்க்கா, அப்புறம் வாங்கிக்கலாம்." சரி என்று வந்துவிட்டேன். அந்தச் சரிதான் பின்னால் என் கையைக் கட்டியது.

கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு குருணை தூவினேன். சாயங்காலம் தலைவலி, குமட்டல். மறுநாள் விடிகாலை பூப்பறிக்கப் போனால் பாத்தியில் மண்புழுக்கள் மேலே வந்து சுருண்டு கிடக்கின்றன. வரப்போரம் இரண்டு மைனா செத்துக் கிடந்தன. மாமா கவரைத் தூரத்தில் இருந்தே முகர்ந்தார். "ஏங் கண்ணு, இதையா கையில தொட்டே? மொதல்ல போய்த் தலைக்குத் தண்ணி ஊத்து. மாட்டை அந்த வரப்புல கட்டாதே." போரேட் என்கிற பழைய பூச்சிமருந்துக் குருணை வாசம் என்றார் அவர். அதுவேதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, சீட்டில்லாத சரக்குக்கு எதைச் சொல்வது? போரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை என்பது மட்டும் தெரியும்.

இரண்டு வாரத்தில் மஞ்சள் இன்னும் இரண்டு பாத்திக்குப் பரவியது. இந்த முறை மாமாவே தோண்டினார். அவர் செய்தது ஒன்றே ஒன்று, அதை நான் முதல் நாளே செய்திருக்கலாம். மண்ணை உதறாமல் தூரை அப்படியே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாக அலசினார். வேர் முழுக்க முடிச்சு. ஜவ்வரிசியை நூலில் கோத்ததுபோல் இருந்தது. தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். இது வேரே வீங்கியது, உதிராது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுத் துறைக்கு வேரும் மண்ணும் கொண்டுபோனோம். வேர்முடிச்சு நூற்புழு என்றார்கள். அது கண்ணுக்கே தெரியாது. நான் படம் பிடித்த பேன்கள், அதாவது கடைக்காரர் சிலந்தி என்றவை, அழுகலைத் தின்ன வந்தவை. செத்த மாட்டைச் சுற்றும் காக்காயைச் சுட்டால் மாடு பிழைக்குமா?

மண்ணில் ஊர்கிற பேன்களில் பெரும்பாலானவை மக்கையும் பூஞ்சணத்தையும் தின்பவை. தொழுவுரம் நிறையப் போட்ட மண்ணில் நிறையவே இருக்கும். மாடித்தோட்டத் தொட்டியில் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களுக்கும் இதே கதைதான். கிழங்கைக் கெடுக்கிற பேன் ஒன்று உண்டு. முத்துமாதிரி வெள்ளையாக, பளபளப்பாக, மெதுவாக நகரும். வெங்காயம், பூண்டு, லில்லிக் கிழங்குகளில் காயம்பட்ட இடம் வழியாக நுழையும். கிழங்கை நறுக்கி, கருப்புக் காகிதத்தில் தட்டி, லென்ஸில் பாருங்கள். எட்டுக் கால் இருந்தால் பேன். அழுகின பாகத்தில் மட்டும் இருந்தால் அழுகலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கெட்டியான நல்ல கிழங்கின் அடித்தட்டுக்குள்ளும் இருந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதல் வேலை அந்தக் கிழங்குகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, விதைக்கு எடுக்காமல் இருப்பது.

நூற்புழு சோதனைக்கு மண் எடுக்கும்போது காயவைத்துவிடாதீர்கள். உரப் பரிசோதனைக்குக் காயவைக்கிற பழக்கத்தில் நானும் காயப்போடப் பார்த்தேன், புழு செத்துவிடும். நாலைந்து இடத்தில் வேரோடு ஈரமண்ணாக எடுத்து, கவரில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "நம்ம கடையில வாங்குனதுக்குப் பில் இருக்குங்ளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் பில்லும் சீட்டு ஒட்டிய டப்பாவும்தான் கேட்டார்கள். பூச்சிமருந்தைச் சாக்கில் இருந்து அள்ளி விற்பதே 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி தப்பு. டைமண்ட் வடிவ நிற அடையாளம், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் கையில் வாங்காதீர்கள். பில்லைப் போட்ட பிறகு காசைக் கொடுங்கள்.

இப்போது நூற்புழுவுக்காக 160 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு, ஊடே செண்டுமல்லி வைத்திருக்கிறோம். மூன்று பாத்தி தேறாது, பிடுங்கியாயிற்று.

அக்காவின் கவரை நேற்றே கட்டுத்தறிக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, டார்ச்சோடு அவர் தோட்டத்துக்கே போனோம். அவர் செடி வேரை அலசினால் ஒரு முடிச்சுக்கூட இல்லை. கிழங்கு மட்டும் நாற்றம். சொட்டுக்குழாயைத் தூக்கிப் பார்த்தால், எலி கடித்த ஓட்டையில் இருந்து தண்ணீர் அந்தத் தூரிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கவரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். பில் இருக்கிறதா என்று கேட்டேன். "மெஷின் ரிப்பேருன்னாங்க" என்றார்.